கட்டம் சரியில்லை!

கல்யாணமான ஆண்கள் இரண்டு வகை. சூடான பாத்திரத்தை டைனிங் டேபிள் மேல் நேரடியாக வைத்தவர்கள். இனிமேல் வைக்கப் போகிறவர்கள். நான் போன ஆவணியில் முதல் வகையில் சேர்ந்தேன்.

வைத்தது இட்லிப் பானை. டேபிள், மாமனார் சீராகக் கொடுத்த தேக்கு. கண்ணாடி மாதிரி பாலிஷ். பத்து நிமிஷம் கழித்துப் பானையை எடுத்தால், வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்! சூட்டில் ஈரம் பாலிஷுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் இப்படித்தான் வெளுக்குமாம். அளந்து பார்த்தேன். குறுக்களவு 9 அங்குலம். (அளப்பது என் தொழில். அதைப் பிறகு சொல்கிறேன்.)

மனைவி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தையோடு திரும்பி வர இன்னும் மூன்று வாரம். தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். டூத் பேஸ்ட் தேய்த்தேன். வட்டம் கமகமவென்று மணத்ததே தவிர, மறையவில்லை.

ஆபீஸ் நண்பன்தான் வழி சொன்னான். "ரன்னர் போட்டு மூடுடா!"

"ரன்னரா?"

"டேபிளுக்கு நடுவுல நீளமா, நாமம் போட்ட மாதிரி ஒரு துணி விரிப்பாங்களே... பெரிய ஓட்டல்ல பார்த்ததில்ல?"

ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவனுக்கு நாமம் என்றால் புரியாதா? புரிந்தது. கடையில் விலை கேட்டதும் இன்னொரு நாமமும் புரிந்தது. அந்தக் காசுக்கு நானே தைத்துவிட மாட்டேனா என்று தோன்றியது.

அப்படித் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. என் வேலையே தையல்தான். அதாவது, அடுத்தவர் தைத்ததில் குறை கண்டுபிடிப்பது!

மூன்று விநாடி மன்னன்

நான் இருப்பது ஒரகடத்தில், கார் சீட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில். எங்கள் பக்கம் வராதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்தார்கள். அப்புறம் லாரி, புல்லட், டயர் என்று வரிசை கட்டி வந்துவிட்டன. வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே "முருகா!" என்று இங்கேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கார் தொழிற்சாலை என்றால் எல்லோருக்கும் ரோபோ ஞாபகம்தான் வரும். வெல்டிங்குக்கு ரோபோ, பெயின்ட்டுக்கு ரோபோ. ஆனால் சீட்டுக்கு உறை தைக்க இன்னமும் மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது. எங்கள் லைனில் அது பெரும்பாலும் பெண்களின் கை.

சீட் உறையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். மேலே துணி, நடுவில் மெல்லிய ஃபோம், அடியில் வலை மாதிரி ஒரு லைனிங். பக்கவாட்டு ஏர்பேக் வைத்த சீட்டில் ஒரு விசேஷமான தையலும் உண்டு. விபத்து என்றால் கண் இமைப்பதற்குள் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் ஏர்பேக் வெளியே வரவேண்டும். தையல் பலவீனமாக இருந்தால் தினம் உட்கார்ந்து எழுந்ததிலேயே பிரிந்துவிடும். அதிகப் பலமாக இருந்தால், ஆபத்துக்கு ஏர்பேக் வெளியே வராது. அதனால் அதற்குத் தனி நூல், தனி மிஷின். எத்தனை தையல் விழுந்தது என்று கம்ப்யூட்டர் எண்ணிக் குறித்து வைக்கும்.

இதையெல்லாம் எட்டு வருஷமாகப் பரிசோதிக்கிறவன் நான். ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் மூன்று விநாடியில் கண்டுபிடிப்பேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதுவேன். டீ குடிக்கப் போவேன்.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஆறடித் துணி ஒரு பெரிய விஷயமா?

சட்டை வசூல்

துணிக்கு அலையவில்லை. படப்பையில் நான் இருக்கும் ஃப்ளாட்டில் நாலு வீட்டில் நாலு கம்பெனிக்காரர்கள். எங்கள் பக்கத்தில் மனிதர்களுக்குப் பெயரைவிடச் சட்டைதான் அடையாளம். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அந்த நீலச் சட்டை இன்னிக்கு வரலையா?", "சாம்பல் சட்டைக்குக் கல்யாணமாம்!" என்றுதான் பேச்சு. வீட்டுக்கு வீடு பழைய யூனிஃபார்ம் கேட்டேன். நீலம், சாம்பல், வெளிர் பச்சை என்று ஆறு சட்டை தேறியது.

வேலைச் சட்டையில் அலங்காரமா என்று சிரிக்காதீர்கள். அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் ஜீஸ் பெண்ட் என்று ஒரு குக்கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர். அங்கே பெண்கள் கிழிந்த வேலைத் துணிகளை ஒட்டுப்போட்டுக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்ற பெண்மணி கணவர் இறந்ததும், அவருடைய வேலைத் துணிகளையே வெட்டி 1942-ல் ஒரு போர்வை தைத்தார். 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அந்த ஊர்ப் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள். நவீன ஓவியம் மாதிரி இருக்கிறதே என்று பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

நானும் அசத்தத் தீர்மானித்தேன். டேபிள் நீளம் 60 அங்குலம். இரண்டு பக்கமும் 6 அங்குலம் தொங்கினால் அழகு. ஆக 72. அகலம் 12. நாலு அங்குலச் சதுரமாக வெட்டினால், நீளத்தில் 18, அகலத்தில் 3, மொத்தம் 54 சதுரம். வரைபடம் போட்டு, அட்டையில் அளவு எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நூல் பிசகாமல் வெட்டினேன். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். அங்கேதான் மிஷின் இருக்கிறது. அம்மாவும் இருக்கிறாள்.

மூணாவது செமஸ்டர் பீஸ்

கால் மிதி வைத்த பழைய உஷா. 1930-களில் கல்கத்தாவில் ஆரம்பித்த கம்பெனி. முதலாளி லாலா ஸ்ரீராம் தன் பெண்ணின் பெயரையே மிஷினுக்கு வைத்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அந்த மிஷின்தான் குடும்பத் தலைவர். தெருவில் இருந்த அத்தனை பேர் ரவிக்கையும் அதில்தான் தைக்கப்பட்டது. நான் இன்ஜினீயரிங் படித்ததும் அதில்தான்.

இப்போது அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி, இன்னொன்று பாக்கி. மிஷின் மேல் செட்-டாப் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது. காயலான் கடைக்காரர் விலை கேட்டபோது, "குடுத்துடும்மா, இடத்தை அடைக்குது" என்று சொன்னவன் நான்தான். "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

பையைப் பிரித்துக் காட்டினேன். சதுரங்களைத் தடவிப் பார்த்தாள்.

"தையலுக்கு எவ்ளோடா விட்டிருக்கே?"

"விடறதுன்னா..?"

பதில் வரவில்லை. எனக்கே மெதுவாக உறைத்தது. இரண்டு சதுரத்தை இணைக்கும்போது, ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். ஒரு இணைப்புக்கு அரை அங்குலம். நீளத்தில் 17 இணைப்பு. எட்டரை அங்குலம் காணாமல் போகும். 72 என்று நினைத்தது 63½ ஆகிவிடும். 60 அங்குல டேபிளில் இரண்டு பக்கமும் ஒன்றே முக்கால் அங்குலம் எட்டிப் பார்க்கும்! நாலரை அங்குலமாக வெட்டியிருக்க வேண்டும்.

"பி.இ. படிச்சவன்தானேடா நீ?"

"மெக்கானிக்கல்மா..."

"அதான்."

இன்னும் மூன்று வரிசை சேர்த்தால் சரியாகிவிடும். 21 வரிசை, 63 சதுரம், 74 அங்குலம், பக்கத்துக்கு 7 அங்குலம் தொங்கும். அகலமும் 12-லிருந்து 11-ஆகக் குறையும். வட்டம் 9 தானே, மறைந்துவிடும். ஆனால் ஒன்பது சதுரத்துக்குத் துணி? அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தாள். உள்ளே முழுக்க ரவிக்கை வெட்டிய மிச்சத் துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது கணக்கு டீச்சர் தைச்சுக்கிட்டது. இது அரிசி மண்டிக்காரம்மா வீட்டுக் கல்யாணம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மிதிச்சேன்... இது உன் மூணாவது செமஸ்டர் பீஸ்."

துணியைச் சொன்னாளா, காலேஜுக்குக் கட்டியதைச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. அரக்குக் கலரில் இருந்தது. ஒரு சதுரம் வெட்டிக்கொண்டேன்.

எந்த மனைவியின் கஷ்டமோ!

அடுத்த சோதனை, ஊசியில் நூல் கோப்பது. சின்ன வயதில் அது என் உத்தியோகம். "ஊசி கோத்துட்டுப் போய் விளையாடுடா" என்பாள். ஓடுகிற ஓட்டத்திலேயே கோத்துவிட்டு ஓடுவேன். முப்பத்திரண்டு வயதில் அதே ஊசி ஒன்பது தடவை என்னை ஏமாற்றியது. பத்தாவது தடவை உள்ளே போனபோது, அம்மா கைதட்டவில்லை. சிரித்தாள்.

தையல் மிஷின் மேல் காந்திஜிக்கே தனிப் பிரியம் உண்டு. 1924-ல் ராமச்சந்திரன் என்ற மாணவர் அவரிடம், "எல்லா இயந்திரங்களுக்குமே நீங்கள் எதிரியா?" என்று கேட்டார். (இந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து, திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947-ல் நிறுவியவர்.) சிங்கர் தையல் மிஷினுக்குக் காந்திஜி விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கச் சகியாமல், அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்றார்.

நிஜக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. நுனியில் காதுள்ள ஊசியும் இரண்டு நூலும் வைத்துத் தைக்கும் மிஷினுக்கு எலியாஸ் ஹோவ் 1846-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். சிங்கர் வாங்கியது 1851-ல். அந்த சிங்கருக்கு ஒரே சமயத்தில் பல குடும்பங்கள். எந்த மனைவியின் கஷ்டத்தைப் பார்த்தாரோ, பாவம்!

சதுரங்களை ஒருவழியாக இணைத்தேன். அடுத்து மூன்று அடுக்கு. மேலே ஒட்டுத்துணி, நடுவில் மெத்தென்று ஏதாவது, அடியில் ஒரு துணி. நடுவில் வைக்கப் பஞ்சு வாங்கி வந்திருந்தேன்.

"பஞ்சு வெச்சா டம்ளர் நிக்குமா? கவுந்துடும்" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாக மடித்து வைத்தால் போதும். துவைத்துத் துவைத்து இனிமேல் சுருங்க அதில் ஒன்றுமில்லை. அடித்துணிதான் புதுசு. அதை ஒரு தடவை நனைத்துக் காயப்போட்ட பிறகே கத்தரியைத் தொட விட்டாள். நனைக்காமல் தைத்தால் முதல் துவையலில் சுருங்கி, அப்பளம் மாதிரி நெளிந்துவிடுமாம்.

மூன்றையும் விரித்து, ஒரு சாணுக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கித் தைக்கச் சொன்னாள். கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் கையால் தைக்கும் 'கவந்தி' போர்வை இதற்கு நேர் எதிர். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் பூ மாதிரி மடித்த துண்டு வைக்காவிட்டால் போர்வை முடிந்ததாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வங்காளத்துக் 'காந்தா'வில் பழைய புடவைகளை அடுக்கி, அந்தப் புடவைக் கரையில் உருவிய நூலாலேயே தைப்பது வழக்கம். துணியையும் நூலையும் வீணாக்காத வீடுகள் எல்லா ஊரிலும் இருந்திருக்கின்றன.

மிதித்தேன். கோடு கிழித்த மாதிரி போகும் என்று பார்த்தால், பாதி தூரத்தில் மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. மிஷினின் அடிப்பல் கீழ்த்துணியை மட்டும்தான் இழுக்கும். மேல்துணி தன்பாட்டுக்கு நழுவும். எங்கள் கம்பெனி மிஷின்களில் மேலே அமுக்கும் காலும் கூடவே நடந்து, அடுக்குகளை ஒன்றாக நகர்த்தும். அதன் அருமை எட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்று, மேல்துணியை விரலால் லேசாக உள்ளே தள்ளிக்கொடுத்தாள். துணி அடங்கியது.

அடுத்த வரிசையில் பெரிய வில்லங்கம். நாலு தையலுக்கு ஒரு தையல் விட்டுப்போகிறது! சிவப்பு ஸ்டிக்கர் சமாசாரம்! நான் என்னமோ கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் தைத்தேன். பிரித்தேன். மறுபடி தைத்தேன். மறுபடி விட்டது.

"நீ சரியாத்தான் மிதிக்கிறே. ஊசி மொட்டைடா" என்றாள் அம்மா, சத்தத்தை வைத்தே.

ஊசி கீழே போய் மேலே ஏறும்போது மேல்நூல் ஒரு சின்ன வளையம் போடும். அடியில் சுற்றும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் நூலைச் சுற்றி அழைத்துவர வேண்டும். ஊசி மழுங்கினாலோ, வளைந்தாலோ, அடுக்கு தடிமனாகிவிட்டாலோ வளையம் சரியாக விழாது. கொக்கி வெறுங்கையோடு திரும்பும். அந்த இடத்தில் தையல் இல்லை. 14-ம் நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டுப் புது 16 போட்டாள். ஒரு தையல்கூட விடவில்லை.

எனக்கு வியர்த்தது. எட்டு வருஷமாக 'காரணம்' கட்டத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தது என்ன?

திருத்திய கட்டங்கள்

திங்கட்கிழமை லைனுக்குப் போனேன். என் ஸ்டிக்கர்களை அதிகம் வாங்கிய அக்காவின் மிஷின் பக்கம் நின்றேன்.

"அக்கா, ஊசி எப்போ மாத்துவீங்க?"

ஏற இறங்கப் பார்த்தார். "ஷிஃப்டுக்கு ஒண்ணுதான் சார் குடுக்கறாங்க. மொத்தமான ஜாயின்ட் வர்ற மாடலுக்கு அது தாங்கல. எத்தனையோ தடவை சொல்லியாச்சு. நீங்க ஸ்டிக்கர் ஒட்டிட்டு டீக்குப் போயிடுவீங்க... எனக்கு மூணு மாசமா இன்சென்டிவ் வரல சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

நாலு நாள் அந்த மாடலை மட்டும் நேரம் குறித்துப் பார்த்தேன். விட்டுப்போன தையல்கள் எல்லாமே ஷிஃப்டின் பின்பாதியில்தான். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து, 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதியதை எல்லாம் 'ஊசி தேய்மானம்' என்று திருத்தி, கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் வைத்தேன். "இத்தனை நாள் என்னய்யா பண்ணிட்டிருந்தே?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயமான கேள்விதான். இப்போது அந்த மாடலுக்கு ஷிஃப்டுக்கு இரண்டு ஊசி. போன மூன்று மாத இன்சென்டிவ் இன்னும் வரவில்லை, நடந்துகொண்டிருக்கிறேன். இந்த மாதத்தது வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, கிராஸ் பீஸ் வைத்து ஓரம் அடித்து ரன்னரை முடித்தேன். அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து ஆள்காட்டி விரலை மெதுவாக ஓட்டினாள். பாதி தூரத்தில் விரல் நின்றது.

"இங்க ஒண்ணு விட்டிருக்கே."

குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது! மூன்று விநாடி மன்னனுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருந்தது.

"ரிஜெக்டாம்மா?"

"பிரியாதுடா. போகட்டும்."

அந்த வாரமே அடுத்த கண்ணுக்கு ஆஸ்பத்திரி. ஃபாரம் கொடுத்தார்கள். பெயர், வயது, தொழில். 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் காலேஜ் ஃபாரத்தில், 'தாயின் தொழில்' என்ற இடத்தில், நாலு பேர் பார்ப்பார்களே என்று 'இல்லத்தரசி' என எழுதியவன் நான். அந்த ஃபாரத்தோடு இணைத்த பணத்தை அதற்கு முந்தின ராத்திரிதான் மிதித்து முடித்திருந்தாள்.

"என்னடா எழுதறே, இவ்ளோ நேரமா?"

"டைலர்னும்மா."

"ம்..." என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எங்கடா தைக்கிறேன்?" என்றாள். பேனாவை மட்டும் பிடுங்கவில்லை.

இல்லத்தரசியும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். ஆரத்தி முடிந்து உள்ளே வந்தவள், அழகாக இருக்கிறதே என்று சொல்வாள் என்று பார்த்தால், நேரே போய் ரன்னரைத் தூக்கினாள்! பெண்களுக்கு இது எப்படித்தான் தெரியுமோ?

"என்னங்க இது?"

"பௌர்ணமி."

ரன்னரைத் திருப்பி அடிப்பக்கத் தையலைப் பார்த்தாள். "யார் தைச்சது?" என்றாள். சொன்னேன். நம்பவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அப்புறம் வட்டத்தின் மேலேயே சரியாக விரித்து, "இந்த மூணு கட்டம் கோணல்" என்றாள்.

"என் கட்டமே சரியில்லம்மா" என்றேன்.

சிரித்துவிட்டாள். அரக்குச் சதுரத்தின் மேல் மட்டும் எதையும் வைக்க விடுவதில்லை நான். யாராவது சூடான பாத்திரத்தோடு டேபிள் பக்கம் வந்தால், எங்கிருந்தாலும் ஓடிவந்து கையை நீட்டுகிறேன்.

ரன்னர் என்ற பெயர் இப்போது எனக்குத்தான் பொருத்தமாக இருக்கிறது.